ஓடிய கால்களுக்குப் பட்ட கடன்

கடலூர், சிதம்பரம் பக்கத்து அய்யனார் கோயில்களில் நேர்த்திக்கடனாக வைத்த மண்குதிரைகள் நிற்கும். மழையில் ஊறி ஒன்றின் முன்னங்கால் உதிர்ந்திருக்கும். இன்னொன்றின் வயிற்று ஓட்டைக்குள் புல் முளைத்திருக்கும். புதுக்குதிரை வந்தாலும் பழையதை யாரும் அப்புறப்படுத்துவதில்லை. அது மண்ணோடு மண்ணாகும்வரை தன் இடத்திலேயே நிற்கிறது. மண்குதிரைக்கே இந்த மரியாதை என்றால், பந்தயத்தில் கால் முறிந்த உயிருள்ள குதிரைக்கு நாம் பட்ட கடன் என்ன?

பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் தில்லை எனப்படும் சிதம்பரத்தில்தான் இறைவனோடு கலந்தார் என்பது மரபு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்கோ போலோ, ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகள் கடல்வழி வந்ததாகவும், பேணத் தெரிந்தவர்கள் இல்லாமல் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை என்றும் எழுதினார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் பொன் கொடுத்து வாங்கியவர்களுக்குப் பேணத் தெரியவில்லை என்ற குற்றச்சாட்டு இன்றும் உறைக்கிறது.

குதிரைப் பந்தயத்தைத் தமிழக அரசு 1974-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அது சூதாட்டமல்ல, திறமை சார்ந்த விளையாட்டு என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்காடியது மனிதரின் பணத்தைப் பற்றி. குதிரையின் காலைப் பற்றியல்ல.

சுமார் 500 கிலோ உடலை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சுமக்கும் அந்தக் காலில், முழங்காலுக்குக் கீழே தசையே கிடையாது. எலும்பும் தசைநாணும் தோலும்தான். முறிந்தால் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்கவும் குதிரையால் முடியாது. மற்றக் கால்கள் பாரம் தாங்கித் தாங்கிக் குளம்புக்குள் அழற்சி கண்டுவிடும். 2006-இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற பார்பரோ என்ற குதிரை இரண்டே வாரத்தில் கால் நொறுங்கி, எட்டு மாதச் சிகிச்சைக்குப் பின் இந்த அழற்சியால்தான் கருணைக்கொலை செய்யப்பட்டது. ஆகவே வலியைத் தீர்க்க உயிரை விடுவிப்பது சில வேளை கருணையே. எப்படியாவது உயிரைப் பிடித்துவைப்பது சில வேளை கொடுமை.

அறத்தின் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 1972-இல் முன்னங்கால் முறிந்த மில் ரீஃப் என்ற பந்தயக் குதிரை அறுவைச் சிகிச்சையால் பிழைத்துப் பொலிகுதிரையாகப் புகழ்பெற்றது. அதே முறிவு காயடித்த ஒரு குதிரைக்கு நேர்ந்திருந்தால்? வலி ஒன்றுதான், ஆனால் அதனிடம் விற்க வித்து இல்லை. குட்டி தரும் குதிரைக்கு மருத்துவம், தராததற்கு மரண ஊசி என்றால், அங்கே எடைபோடப்படுவது நோயல்ல, வரவு.

பொலிக்கு விடுவதும் எப்போதும் ஓய்வாகிவிடாது. பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதியில்லை. ஆண்குதிரை பின்னங்கால்களில் எழும்ப வேண்டும். பெண்குதிரை பதினொரு மாதம் குட்டியைச் சுமக்க வேண்டும். சரியாக ஆறாத காலோடு இதைச் செய்யவைப்பது இன்னொரு பந்தயத்தில் இறக்கிவிடுவதுதான்.

எல்லாக் குதிரையையும் ஆயுள் முழுக்கப் பராமரிக்க யாரிடம் பணம் இருக்கிறது என்று கேட்கலாம். ஓடவைக்கப் பணம் இருந்ததே! பரிசிலும் பந்தயப் பணத்திலும் ஒரு பங்கை முதல் நாளே முறிந்த கால்களுக்கென ஒதுக்கிவைக்கலாம். வாழ்வா சாவா என்ற முடிவை உரிமையாளரிடம் கூலி வாங்காத மருத்துவரிடம் விடலாம். அந்த மருத்துவர் கேட்க வேண்டியது ஒன்றே: இது வலியில்லாமல் நின்று மேய முடியுமா? முடியும் என்றால், இனி ஒரு காசு சம்பாதிக்காவிட்டாலும் நிற்க இடம் கொடுப்பதே கடமை.