புகார் வராத பழுது

ஒரு மலைமேல் இருக்கும் சின்னக் கொட்டகையில், ஆணியில் தொங்கும் நோட்டுப்புத்தகத்தில், ஒரு ஏப்ரல் மாதம் நான் இரண்டு வாக்கியங்கள் எழுதினேன். "ஆன்டெனா பக்க கனெக்டர் இறுக்கப்பட்டது. இரைச்சல் நின்றுவிட்டது." இரண்டுமே உண்மை. தேதியும் என் அழைப்புக்குறியும்கூட சரியாகத்தான் இருந்தன. அது ஒரு பொய் என்று எனக்குப் புரிய ஏழு மாதம் ஆயிற்று.

கொட்டகை ஒஹாயோ மாநிலத்தின் தென்கிழக்கில், குன்றும் பள்ளமுமான பகுதியில் இருக்கிறது. உள்ளே ஒரு அமெச்சூர் ரேடியோ ரிப்பீட்டர். அமெச்சூர் ரேடியோ பற்றி நான் முதலில் படித்தது 2004 சுனாமி சமயத்தில். போர்ட் பிளேரில் தற்செயலாக இருந்த ஹாம்கள் அங்கிருந்து செய்தி அனுப்பினார்கள் என்று பேப்பரில் வந்தது. ஊரில் இருக்கும்வரை லைசென்ஸ் வாங்கத் துணியவில்லை. இங்கே வேலைக்கு வந்தபிறகு, குளிர்காலத்தில் செய்ய ஒன்றுமில்லாமல், பரீட்சை எழுதினேன். அமெரிக்கக் குடியுரிமை வேண்டாம், தபால் முகவரி போதும். 35 கேள்வி, 26 சரியாக இருந்தால் பாஸ். செமஸ்டர் பரீட்சைக்கு விடிய விடிய படித்தவனுக்கு அதெல்லாம் ஒரு விஷயமா?

ரிப்பீட்டர் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பள்ளத்தாக்குகளில் இருக்கும் இரண்டு பேரின் கையடக்க ரேடியோக்கள் ஒன்றையொன்று கேட்காது, நடுவில் மலை. மலைமேல் ஒரு இயந்திரம் வைத்தால் அது ஒருவர் பேசுவதை ஒரு அலைவரிசையில் கேட்டு, அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் உரக்கச் சொல்லும். உதாரணத்துக்கு 146.34 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 146.94ல் பேசும். இடைவெளி வெறும் 600 கிலோஹெர்ட்ஸ்.

எங்கள் இயந்திரம் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் மாஸ்டர் டூ. வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் தொழிற்சாலையில் 1970களில் உருவானது. தீயணைப்பு, போலீஸ், ரோடு போடுகிறவர்கள் என்று இருபத்துநாலு மணி நேரமும் பேசிக்கொண்டே இருப்பவர்களுக்காகச் செய்தது. ஒரு பெரிய பீரோ. நாலு பேர் தூக்க வேண்டும். இப்படிப்பட்டவை எங்களைப் போன்ற கிளப்புகளுக்குக் கிடைத்ததற்கு ஒரு சட்டமும் காரணம். 2013 ஜனவரி 1க்குள் தொழில்முறை ரேடியோக்கள் எல்லாம் 12.5 கிலோஹெர்ட்ஸ் குறுகிய சேனலுக்கு மாற வேண்டும் என்று எஃப்.சி.சி. உத்தரவு போட்டது. ஹாம்களுக்கு அந்த உத்தரவு கிடையாது. நேற்றுவரை ஊரைக் காப்பாற்றிய இயந்திரங்கள் ஒரே நாளில் பழைய இரும்பு ஆயின. வண்டி வாடகை மட்டும் கொடுத்து அள்ளிக்கொண்டு வந்தோம். கிரிஸ்டலை மாற்றி, ரிசீவரின் திருகுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, 150க்கு மேல் கேட்டுக்கொண்டிருந்ததை 146க்கு இறக்க வேண்டும். அதைத் திருப்பும்போது மீட்டர் முள் எழுந்து வருவதைப் பார்க்கும் சந்தோஷம், கோட் எழுதும்போது எனக்கு இப்போதெல்லாம் கிடைப்பதில்லை.

ரிப்பீட்டரின் கஷ்டம் எங்கே இருக்கிறது என்றால், அது பேசிக்கொண்டே கேட்க வேண்டும். அதே ஆன்டெனாவில். எங்கள் டிரான்ஸ்மிட்டர் வெளியே தள்ளுவது 100 வாட். ரிசீவர் கேட்கக்கூடிய மெல்லிய சிக்னல் சுமார் 0.25 மைக்ரோவோல்ட். இரண்டுக்கும் உள்ள விகிதத்தை ஒருநாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்: எண்பதாயிரம் லட்சம் கோடி மடங்கு. கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு, தெருக்கோடியில் ஒருத்தர் முணுமுணுப்பதைக் கேட்பது மாதிரி. அதைச் சாத்தியமாக்க டூப்ளெக்சர் என்று இடுப்புயரத்துக்கு ஆறு உலோக உருளைகள் நிற்கின்றன. இந்த ஏற்பாட்டில் எங்காவது ஒரு சின்ன ஓட்டை விழுந்தால், இயந்திரம் தன் குரலாலேயே தன் காதை அடைத்துக்கொள்ளும். டீசென்ஸ் என்பார்கள்.

அந்த ஏப்ரலில் எங்களுக்கு வந்தது அதுதான். கிளப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார். டெலிபோன் கம்பெனியில் கம்பம் ஏறி ரிட்டயர் ஆனவர். ஆங்கிலத்தில் 'யூ' என்றுதான் பேசிக்கொள்கிறோம், ஆனால் என் மண்டைக்குள் அவர் எப்போதும் "நீங்க"தான், நான் எப்போதும் "நீ". முழங்கால் வலியால் அன்றைக்கு அவர் மலையேறவில்லை. நான் மட்டும் போனேன். டிரான்ஸ்மிட்டர் அணைந்திருக்கும்போது ரிசீவர் 0.25 மைக்ரோவோல்ட்டைக் கேட்டது. டிரான்ஸ்மிட்டரைப் போட்டதும் 2 மைக்ரோவோல்ட் கொடுத்தால்தான் கேட்டது. எட்டு மடங்கு. சக்தியில் சொன்னால் அறுபத்துநாலு மடங்கு. ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு, டூப்ளெக்சரிலேயே டம்மி லோடு மாட்டினேன். செவிட்டுத்தனம் போய்விட்டது. ஆக, ரேடியோவும் நல்லாயிருக்கு, டூப்ளெக்சரும் நல்லாயிருக்கு, கோளாறு அதற்கு அப்புறம். அதுவரை நான் செய்தது எல்லாம் பாடப்புத்தகம் மாதிரி.

கேபிளைத் திரும்ப மாட்டினேன். கனெக்டரை இறுக்கினேன். சோதித்தேன். இரைச்சல் இல்லை.

கனெக்டர் லூசாக இருந்ததா? இல்லை. கழற்றும்போதே அது இறுக்கமாகத்தான் இருந்தது, ஸ்பேனர் போட்டேன். அது எனக்குத் தெரியும். சாயங்காலம் ஆகிவிட்டது, கீழே இறங்க நாற்பது நிமிஷம், மறுநாள் ஆபீஸில் ரிலீஸ். பெரியவர் போனில் கேட்டார்.

"என்னவாம்?"

"கனெக்டர்தான். இறுக்கிட்டேன். சரியாயிடுச்சு."

"லூசா இருந்ததா?"

"கொஞ்சம்."

அந்த "கொஞ்சம்" வாயால் சொன்ன பொய், அதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டுவிடலாம். எனக்கு அதிகம் உறுத்துவது நோட்டுப்புத்தகம். இறுக்கப்பட்டது, முற்றுப்புள்ளி. நின்றுவிட்டது, முற்றுப்புள்ளி. நடுவில் ஒரு "அதனால்" இருக்கிறது. நான் எழுதவில்லை. படிக்கிறவர் தானாகப் போட்டுக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். மாட்டினால் "நான் அப்படிச் சொல்லலையே" என்று தப்பிக்கவும் வழி இருக்கிறது. சாஃப்ட்வேர்க்காரர்கள் இந்த இலக்கணத்தில் பி.எச்டி. வாங்கியவர்கள். "சர்வரை ரீஸ்டார்ட் செய்தோம். பிரச்சனை தற்போது இல்லை." இப்படி எத்தனை டிக்கெட்டை நான் மூடியிருப்பேன்!

இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்த பிறகுதான் நகர்வேன் என்றால் உலகத்தில் ஒரு மின்விசிறிகூட ஓடாது. டாக்டர்களே காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்து மூன்று நாள் பார்க்கிறார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல டாக்டர் "மூன்று நாள் கழித்து வந்து காட்டுங்க" என்று சொல்லி அனுப்புகிறார். நான் நோட்டை மூடி ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். காரணம் தெரியாதது அன்றைய தவறு அல்ல. தெரியாது என்பதையும் சேர்த்து அழித்துவிட்டேன், அடுத்து வருகிறவர் தேட வேண்டிய இடத்தை மூடிவிட்டேன்.

அதன்பிறகு ஒரு புகாரும் வரவில்லை. கோடையில் நான் எத்தனையோ நாள் பேசினேன், அருமையாக இருந்தது. என் காரில் 50 வாட், கூரைமேல் ஆன்டெனா. ஞாயிறு இரவு எல்லாரும் வந்து வருகைப்பதிவு கொடுக்கும் 'நெட்' ஒன்று உண்டு. அதை நடத்துகிறவர் வீட்டில் இன்னும் பெரிய ஏற்பாடு. எங்களைப் பொறுத்தவரை இயந்திரத்துக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் காலேஜ் ஹாஸ்டலில் மெஸ் புகார்ப் புத்தகம் ஒன்று இருந்தது. நாலு வருஷத்தில் அதில் ஒரு புகாரும் இல்லை என்று ஆண்டு விழாவில் பெருமையாகச் சொன்னார்கள். புத்தகம் வார்டன் மேஜை டிராயருக்குள் இருந்தது. அன்றைக்குச் சிரித்தோம்.

அக்டோபர் கடைசியில் பக்கத்து ஊரில் ஹாம்ஃபெஸ்ட், ஹாம்களின் பழைய சாமான் சந்தை. அங்கே ஒரு மேஜையில், எங்கள் ஞாயிறு நெட்டில் தவறாமல் வரும் ஒரு கிழவரைப் பார்த்தேன். பள்ளத்தாக்கின் அடியில், ஓடைக்கரையில் தனியாக இருப்பவர். அவர் வீட்டில் செல்போன் சிக்னல் கிடையாது. வாராவாரம் ஓடையில் தண்ணீர் எவ்வளவு என்று சொல்லுவார், யாரும் கேட்காமலே. மேஜையில் அவருடைய கையடக்க ரேடியோ, இரண்டு பேட்டரி, பிரிக்காத ஒரு ஆன்டெனா.

"விக்கறீங்களா?"

"ஏதோ போச்சு இதுல. ரிப்பீட்டர் எழுந்திரிக்குது, என் குரல் மட்டும் போக மாட்டேங்குது. பேட்டரி மாத்தினேன். ஆன்டெனா மாத்தினேன். வயசாயிடுச்சு, அதுக்கும் எனக்கும்."

அவர் நெட்டுக்கு வந்து எத்தனை வாரம் ஆயிற்று என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. அதாவது நான் கவனிக்கவில்லை. நாற்பது டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டேன், உதிரிபாகத்துக்கு ஆகும் என்று.

வீட்டில் மீட்டரில் போட்டுப் பார்த்தால் முழுசாக 5 வாட். அலைவரிசை கச்சிதம். மைக் தெளிவு. ரேடியோவில் ஒரு குறையும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொன்னதை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ரிப்பீட்டர் எழுகிறது, குரல் போகவில்லை. அது சும்மா இருக்கும்போது காது நன்றாகக் கேட்கும். அதனால் அவர் பொத்தானை அழுத்தினதும் விழித்துக்கொள்கிறது. விழித்து டிரான்ஸ்மிட்டரைப் போட்ட கணமே செவிடாகிறது. அறுபத்துநாலில் ஒரு பங்கு: அவருடைய 5 வாட் அதற்கு 0.08 வாட் மாதிரிதான். நெட் நடக்கும்போது டிரான்ஸ்மிட்டர் அணைவதே இல்லை, அப்போது அவர் இருக்கிறார் என்றே அதற்குத் தெரியாது. என் 50 வாட்டுக்கோ ஒரு வித்தியாசமும் இல்லை.

இந்தப் பழுதின் குரூரம் இதுதான் என்று நினைக்கிறேன். அது எல்லாரையும் பாதிப்பதில்லை. குரல் மெலிந்தவர்களை மட்டும் வெட்டுகிறது. அவர்கள் புகார் சொல்ல வேண்டும் என்றாலும் அதே இயந்திரம் வழியாகத்தான் சொல்ல வேண்டும். போதாததற்கு, பழுது அவர்களிடம்தான் என்று அவர்களையே நம்பவைக்கிறது. அந்த மனிதர் எங்கள்மேல் சந்தேகப்படவே இல்லை. காசு செலவழித்துத் தன்னைத்தான் சந்தேகப்பட்டார். ஆபீஸில் ஒரு வாரம் எரர் லாக் காலியாக இருந்தால் கைதட்டுகிறோம். லாக் அனுப்பக்கூட முடியாமல் போனவர்கள் அதில் எப்படி இருப்பார்கள்?

எஃப்.சி.சி. விதிகளில் ஒரு பிரிவு இருக்கிறது, 97.205(g). விதியை மீறிய பேச்சு எதையாவது ரிப்பீட்டர் அறியாமல் மறு ஒலிபரப்பு செய்துவிட்டால், அதை நடத்துகிறவர் அதற்குப் பொறுப்பில்லை. நியாயம்தான், வழியே போகிற சொல்லுக்கெல்லாம் வழி பொறுப்பாக முடியாது. போய்ச்சேராத சொல்லுக்கு யார் பொறுப்பு என்று தேடிப் பார்த்தேன். சட்டம் அதைப் பேசவில்லை. அந்தப் பக்கம் முழுக்க நம்மிடமே விடப்பட்டிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை பெரியவரும் வந்தார், முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு. மலையேறும் முன்பே வண்டியில் சொல்லிவிட்டேன், கனெக்டர் லூசாக இல்லை என்று. அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப ஏழு மாசம் வீணாச்சு" என்றார். அவ்வளவுதான்.

மேலே போனதும் என் ஸ்பேனரை வாங்கிக் கீழே வைத்தார். எதையும் இறுக்கக்கூடாது என்றார். மெல்லிய சிக்னலை ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரைப் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்துவிட்டு, கேபிள்களை ஒவ்வொன்றாக லேசாக அசைத்தார். டூப்ளெக்சரிலிருந்து சுவருக்குப் போகும் மூன்றடிக் கேபிளைத் தொட்டதும் கொட்டகை முழுக்கப் பொரிகடலை வறுக்கிற சத்தம். விட்டார், நின்றது. தொட்டார், வந்தது. மூன்று முறை வரவழைத்து மூன்று முறை போகவைத்த பிறகுதான் "இது" என்றார்.

அந்தக் கேபிளைப் போன வருஷம் செய்து மாட்டியது நான்தான். வெளியுறையில் அலுமினியத் தாள், அதன்மேல் தகரம் பூசிய செம்புப் பின்னல். ஒற்றை ரேடியோவுக்கு அருமையான கேபிள். வீட்டில் மிச்சம் கிடந்தது, வீணாக்குவானேன் என்று செய்தேன். ஆனால் பேச்சும் கேட்பும் ஒன்றாக ஓடும் இடத்தில், அந்த இரண்டு உலோகமும் உரசும் இடமெல்லாம் இரைச்சல் பிறக்கும். ஏப்ரலில் நான் கழற்றி மாட்டியபோது அது கொஞ்சம் புரண்டு படுத்து அமைதியாகியிருக்கிறது. காற்றிலோ குளிரிலோ மறுபடி எழுந்திருக்கிறது. வெள்ளி பூசிய இரட்டைப் பின்னல் உள்ள ஆர்ஜி-214 கேபிளில் புதிதாக ஒன்று செய்து மாட்டினோம். அசைத்தோம், ஆட்டினோம், தட்டினோம். 0.25.

நோட்டில் ஏப்ரல் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. பக்கத்தில், இடுக்கி எழுதினேன்: "கனெக்டர் இறுக்கமாகவே இருந்தது. காரணம் அன்று தெரியவில்லை." பெரியவர் படித்துவிட்டுக் கையெழுத்து அசிங்கமாக இருக்கிறது என்றார்.

ரேடியோவை எடுத்துக்கொண்டு ஓடைக்கரை வீட்டுக்குப் போனேன். உங்க ரேடியோ நல்லாத்தான் இருக்கு, எங்க இயந்திரம்தான் செவிடா இருந்தது, அதுக்கு நான்தான் காரணம் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "ரெண்டு பேட்டரி வாங்கினேனே" என்றார். பிறகு உள்ளே போய் நாற்பது டாலரை எண்ணிக் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்றேன். வாங்காவிட்டால் ரேடியோவைத் தொடமாட்டேன் என்றார். வாங்கிக்கொண்டேன்.

இப்போது ஞாயிறு இரவுகளில் வருகிறார். ஓடையில் தண்ணீர் எவ்வளவு என்று சொல்கிறார். தெளிவாகக் கேட்கிறது, ஒரு துளி இரைச்சல் கிடையாது. ஆனால் ஒவ்வொரு வாரமும் தன் அழைப்புக்குறியை இரண்டு தடவை சொல்கிறார். இரண்டாவது தடவை கொஞ்சம் கத்தி. முதல் தடவையே கேட்டுவிட்டது என்று நெட்டில் சொல்லிப் பார்த்தாயிற்று. அடுத்த வாரமும் அப்படியே.