மாவட்டக் கணக்கு

லிங்கநகர் வீட்டில் மகனுக்கு வெட்டுப்புள்ளி அட்டவணையை விளக்கிக்கொண்டிருந்தேன். "கொழும்புப் பிள்ளைய விடக் குறைஞ்ச புள்ளிக்கு எங்களுக்கு இடம் தாறது சரியா வாப்பா?" என்று கேட்டான். சரிதான் என்றேன். நானும் அப்படிப் பல்கலைக்கழகம் போனவன்தான்.

1974இல் மாவட்டக் கோட்டா வந்தபோது யாழ்ப்பாணம் கொதித்தது. அக்கொதிப்பில் நியாயம் இருந்தது. கிழக்கில் எங்களுக்கோ ஒரு வாசல் திறந்தது. இன்று கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. திருகோணமலையும் நுவரெலியாவும் அந்தப் பதினாறில் அடக்கம். ஆய்வுகூடம் இல்லாத பள்ளியில் எடுத்த புள்ளியையும் எல்லா வசதியும் உள்ள பள்ளியில் எடுத்த புள்ளியையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது என்பதை இன்றும் நம்புகிறேன்.

மகன் விடவில்லை. "அப்ப அட்டன் மச்சானுக்கு?"

என் மைத்துனருக்கு அட்டனில் துணிக்கடை. பிள்ளை படித்தது நகரப் பள்ளியில், டியூஷனுக்குக் கண்டிக்கும் போய்வந்தான். நுவரெலியாக் கணக்கில் பொறியியல் கிடைத்தது. அந்தக் கடையில் கடனுக்குத் துணி எடுக்கும் கொழுந்துக்காரியின் பிள்ளைக்கும் அதே மாவட்டம்தான். ஆனால் தோட்டப் பள்ளிகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே கிடையாது. பள்ளிக்கு வருமுன்பே பின்தங்கல் தொடங்கிவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதம். அது தாய் வயிற்றில் தொடங்கி, பிள்ளைமடுவத்திலும் லயத்துச் சமையலிலும் தொடரும் குறை. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மாதம் வந்து எவரும் அதைச் சரிசெய்துவிட முடியாது.

நுவரெலியாவைப் பின்தங்கிய மாவட்டமாக்குவதில் பெரும்பங்கு இந்தப் பிள்ளைகளின் நிலைமைக்கு உண்டு. அதற்கான ஈடு கடைக்காரர் வீட்டுக்குப் போகிறது. மருமகன் எவரையும் ஏமாற்றவில்லை, சட்டம் கொடுத்ததை எடுத்தான். மலையகப் பட்டணங்களில் வியாபாரம் செய்யும் நம்மவர்கள் இதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. (நானும் பேசியதில்லை.)

மாவட்டத்தை விட்டுப் பள்ளியை அளவுகோலாக வைக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படியாயின் நகரப் பள்ளியில் படித்த எனக்கு அன்று இடம் கிடைத்திராது. வெருகலிலோ தோப்பூரிலோ ஒருவன் போயிருப்பான். மகனிடம் அதையும் சொன்னேன். சற்றுநேரம் இருந்துவிட்டு, "அவர் இப்ப என்ன செய்றார் வாப்பா?" என்று கேட்டான்.