கால்விரலைப் பார்த்தவர்

தலை வெட்டப்படப்போகும் ஒருவர் தரையில் உட்காருகிறார். பக்கத்தில் சின்னச் செடி ஒன்று. அதைக் கால்விரல்களால் இறுகப் பற்றிக்கொள்கிறார். 1818 நவம்பர் இறுதியில் கண்டி போகம்பரையில் நடந்தது இது. உட்கார்ந்தவர் ஊவாவின் திசாவையாக, அதாவது அந்தப் பகுதியின் தலைமை அதிகாரியாக இருந்த கெப்பட்டிபொல. எழுதி வைத்தவர் ஹென்றி மார்ஷல், பிரிட்டிஷ் படை மருத்துவர்.

அந்தக் கால்விரல்கள் என்னை விட மாட்டேன் என்கின்றன.

பின்னணி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1815 மார்ச்சில் கண்டி ஒப்பந்தம், கண்டி ராஜ்யம் வெள்ளைக்காரன் கைக்குப் போனது. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்ச் சிறைக்குப் போனான். இரண்டு வருடத்தில் ஊவாவில் கலகம். அடக்கி வா என்று வெள்ளைக்காரன் அனுப்பிய கெப்பட்டிபொல, கலகக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். தன்னிடம் கொடுத்திருந்த துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் சேர்ந்தார். அடுத்த வருடம் பிடிபட்டார்.

1846இல் வெளிவந்த தன் இலங்கை நூலில் அந்தக் காலை நேரத்தை மார்ஷல் விடாமல் பின்தொடர்கிறார். முதலில் தலதா மாளிகை. பிக்குவின் முன் முழந்தாளிட்ட கெப்பட்டிபொல, தான் செய்த புண்ணியங்களைச் சொல்கிறார். மேலே போர்த்தியிருந்த துணியைக் கழற்றிக் காணிக்கையாக வைக்கிறார். கந்தல்தான், ஆனாலும் என்னிடம் இருப்பது இவ்வளவுதானே என்று அந்த நேரத்திலும் ஒரு வேடிக்கைப் பேச்சு. பிறகு போகம்பரை. தண்ணீர் கேட்டு முகம் கைகளைக் கழுவுகிறார். கூந்தலை உச்சியில் முடிந்துகொள்கிறார். உட்கார்ந்து, கால்விரல்களால் செடியைப் பிடித்துக்கொள்கிறார். இடுப்பு மடியிலிருந்து சிறு பிரார்த்தனை நூல் ஒன்றை எடுத்து ஓதுகிறார். ஓதி முடித்ததும், பதுளையில் தன்னோடு வேலை செய்த அதிகாரி சாயர்ஸிடம் நன்றியாகக் கொடுக்கும்படி சொல்லி அந்த நூலை ஒப்படைக்கிறார். இரண்டு வெட்டு. கண்டி வழக்கப்படி தலையை எடுத்து மார்பின் மேல் வைக்கிறார்கள்.

இவ்வளவையும் எழுதிய அதே பேனா, அந்த மண்டையோட்டை எடின்பரோ மண்டையியல் சங்கத்தின் காட்சிச்சாலைக்குத் தானே கொடுத்ததாகச் சொல்லிவிட்டு நகர்கிறது. பெருமையும் இல்லை, கூச்சமும் இல்லை. வீட்டுக்கு வந்தவர் போகிற போக்கில் சொல்லும் செய்தி மாதிரி இருக்கிறது.

மார்ஷல் மோசமான மனிதர் என்றால் எனக்குத் தொல்லை இல்லை. அவர் அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை. கலகம் வென்றிருந்தால் கெப்பட்டிபொலவை நாட்டுப்பற்றாளர் என்று கொண்டாடியிருப்பார்கள், தோற்றதால்தான் துரோகி என்கிறார்கள் என்று எழுதத் துணிந்தவர். படையின் நோயையும் சாவையும் கணக்கெடுத்து, சாதாரணச் சிப்பாய் எதனால் சாகிறான் என்று மேலிடத்துக்கு எண்களால் காட்டியவர். இப்படிப்பட்டவர்தான் தலையை எடுத்துப் போனார்.

எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரி ஞாபகம் வருகிறது. ஜன்னலோரத் தட்டில், மருந்துப் போத்தல்களுக்குப் பக்கத்தில், ஸ்பிரிட் ஊற்றிய ஒரு போத்தல் இருந்தது. உள்ளே வெளிறிய நாக்குப்பூச்சிகள், ஒரு பிடி அளவு. வெளியே ஒட்டிய காகிதத்தில் திகதியும் லயத்து இலக்கமும். யாருடைய வயிற்றிலிருந்து வந்தது என்று லயத்துக்கே தெரியும். அந்தப் பையன் என்னோடு படித்தவன். மருந்து வாங்கப் போனால் அந்தத் தட்டுப் பக்கம் முகம் திருப்பாமல் நிற்பான். டிஸ்பென்சர் ஐயா நல்ல மனிதர். பிரசவ வலி என்றால் நடுச்சாமத்தில் டோர்ச் லைட்டோடு அட்டைக்கடி வாங்கிக்கொண்டு வருவார். பிள்ளைகளுக்குச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கத்தான் அதை வைத்திருந்தார். வைக்கலாமா என்று அந்தப் பையனின் அம்மாவை அவர் கேட்டிருக்க மாட்டார். கேட்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றியிருக்காது.

மார்ஷல் காலத்தில் இங்கே இருந்த இன்னொரு படை மருத்துவர் ஜான் டேவி. சுரங்க விளக்கு கண்டுபிடித்த ஹம்ப்ரி டேவியின் தம்பி. கண்டி நாட்டையும் அதன் மக்களையும் பற்றி 1821இல் நூல் வெளியிட்டார். எப்போதோ படித்தது, பாதி மறந்துவிட்டது. பாம்புகளை வைத்து விஷப் பரிசோதனை செய்தது நினைவிருக்கிறது. அந்தக் கலகத்தில் தங்கள் பக்கம் ஆயிரம் பேர், கண்டியர் பக்கம் ஒருவேளை 10,000 பேர் இறந்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடும் நினைவிருக்கிறது. பாம்பு, கல், மண், மனிதன் எல்லாம் ஒரே புத்தகத்தில். வைத்தியனின் கண் நோயாளியைப் பார்க்கப் பழகியது. நோயாளி இல்லாதவனையும் அப்படியே பார்த்தால் ஒரு இனத்தைப் பற்றிய நூல் வந்துவிடுகிறதோ என்னவோ.

1820இல் தொடங்கிய அந்த எடின்பரோச் சங்கம், மண்டையின் மேடு பள்ளத்தைத் தடவிக் குணம் சொல்லலாம் என்று நம்பியது. வீரன் ஒருவனின் தலைக்கு அங்கே மதிப்பு உண்டு. அந்த வித்தை பொய்த்தது, மண்டையோடுகள் மிஞ்சின. கெப்பட்டிபொலவுடையது ஊர் திரும்பி, 1954இல் தலதா மாளிகைக்கு எதிரே நினைவுத்தூணில் அடக்கமானது. இலங்கைப் பழங்குடிகளான வேடர்களின் ஒன்பது மண்டையோடுகளை எடின்பரோப் பல்கலைக்கழகம் 2019இல்தான் திருப்பிக் கொடுத்தது. அவற்றில் எதற்கும் நமக்குத் தெரிந்த பெயர் இல்லை.

இதை ஒருநாள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். பேராதனையில் மருத்துவம் படிக்கும் அக்கா மகன் சோற்றைப் பிசைந்தபடி, "எங்க அனாட்டமி ஹால்ல இருக்கிற மண்டையோட்டுக்கும் ஒரு பேர் இருந்திருக்குந்தானே, மாமா" என்றான். அக்கா அவனை முறைத்தாள், சாப்பிடும்போது பேசுகிற பேச்சா என்று. பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

மார்ஷலுக்காக வாதாடவும் வழி இருக்கிறது. அவர் எழுதாவிட்டால் அந்தச் செடியும் விரல்களும் நமக்கு ஏது? அரசாங்கப் பதிவில் கெப்பட்டிபொலவுக்கு இருந்த துரோகிப் பட்டம் 2016இல்தான் நீங்கியது. அதற்கு 170 வருடம் முன்பே அவர் வேறு மாதிரிச் சொல்லிவிட்டார். அவர் எடுத்துப் போகாவிட்டால் தலையும் போகம்பரை மண்ணோடு மண்ணாகியிருக்கும். தூணுக்கடியில் வைக்க ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் இந்த வாதத்தை வளர்த்தால் திருடன் பத்திரமாக வைத்திருந்தான் என்று நன்றி சொல்லும் இடத்துக்கு வந்து சேருகிறேன்.

அன்று காலை கெப்பட்டிபொலவிடமிருந்து போனவை மூன்று. துணியைப் புத்தருக்குக் கொடுத்தார். நூலை நண்பருக்குக் கொடுத்தார். இரண்டும் அவர் கையால் கொடுத்தவை. மூன்றாவது மட்டும் எடுக்கப்பட்டது. கொடுத்ததையும் எடுத்ததையும் மார்ஷல் ஒருவரே எழுதியிருக்கிறார். வித்தியாசம் அவர் கண்ணில் படவில்லை. கால்விரலைக்கூடக் கவனித்த கண்.

வியந்து எடுத்தாரா, சேகரிக்கும் பழக்கத்தில் எடுத்தாரா என்று என்னால் தீர்க்க முடியவில்லை. வியப்பு என்று வைத்துக்கொண்டால் குற்றம் குறையுமா? ஒரு நாள் குறையும் போலிருக்கிறது. மறுநாள், மதித்தவர் செய்ததால்தான் அது பெரிய குற்றம் என்று படுகிறது. இந்த இரண்டில் எந்தப் பக்கம் நிற்பது என்று இன்னும் பிடிபடவில்லை.