வெயிலுக்கு முன் குளக்கரைக்கு வாருங்கள்

நெகிரி செம்பிலான் தோட்டத்து உறவுகளே! லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோன உறவுகளே! செம்பனைக் காட்டோரம் இரண்டு குளம் வெட்டி, வீட்டுக்குப் பின்னால் நாலு கேன்வாஸ் தொட்டி நிறுத்தி மீன் வளர்க்கும் என் மக்களே! தைப்பூசக் காவடியை இறக்கிவிட்டோம். இனிப் பங்குனி உத்திரம் வரைக்கும் வெயில்தான். வெயில் வரும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தே வருகிற ஒன்று நம் மீனைக் கொன்றால் அதை விதி என்று சொல்லாதீர்கள். அது நம் தாமதம். அதற்கு நாம்தான் கணக்குச் சொல்ல வேண்டும்.

1998-ஐ மறந்தீர்களா? அந்த ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில் வெயில் 40.1 டிகிரியைத் தொட்டது. 2016-ஐ மறந்தீர்களா? வடக்கே பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். 2024-இன் தொடக்கத்தில் அடித்த அனல் நேற்று அடித்ததுபோல் இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிழலில் வைத்துக் காக்கத் தெரிந்த நாம், குளத்தில் அடைத்த உயிரை மட்டும் எந்த நிழலில் வைத்தோம்?

மீனுக்கென்று தனிச்சூடு கிடையாது. தண்ணீரின் சூடுதான் அதன் உடம்பின் சூடு. அதற்கு வியர்க்காது, விசிறிக்கொள்ளக் கை இல்லை. ஆற்று மீன் வெயில் ஏறினால் மடுவுக்குப் போகும், மரநிழலுக்குப் போகும், ஓடுகிற தண்ணீரைத் தேடிப் போகும். நம் மீன் எங்கே போகும்? போகிற வழியையெல்லாம் கரை கட்டி அடைத்தவர்கள் நாம். அடைத்த அன்றே அந்த மடுவின் பொறுப்பும் நிழலின் பொறுப்பும் ஓடுநீரின் பொறுப்பும் நம் தலைக்கு வந்துவிட்டன.

கணக்கைக் கேளுங்கள். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 8 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை. 35 டிகிரியில் ஏழுக்கும் சற்றுக் குறைவு. அதே நேரத்தில் மீனின் உடம்பு கேட்கிற பிராணவாயுவோ ஏறிக்கொண்டே போகிறது. பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வரவு குறைய, செலவு ஏறுகிற வீடு எத்தனை நாள் நிற்கும்? திலாப்பியா நன்றாகத் தின்று வளர்வது 27 முதல் 30 டிகிரி வரைக்கும். அதற்கு மேல் போகப் போக, தின்ற தீனி சதையாவதில்லை. உயிரைப் பிடித்துக்கொள்ளவே செலவாகிறது. 33-ஐத் தாண்டிய மதியத்தில் நீங்கள் வாரி இறைக்கும் தீனி, நீங்கள் காசு கொடுத்து வாங்கித் தண்ணீரில் ஊற்றும் நஞ்சு. தின்னாத தீனி அழுகும், அழுகியது அம்மோனியாவாகும், அந்த அம்மோனியா சூட்டில் இன்னும் கொடிதாகும். பாசி படர்ந்து பச்சையாகிக் கிடக்கும் குளத்தில் மதியத்துக்கு மேல் காரத்தன்மையும் ஏறும். அப்போது மொத்த அம்மோனியாவில் கொல்லும் பங்கு பல மடங்காகிவிடும்.

ஆனால் மீன் மதியத்தில் சாவதில்லை. இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். பகல் முழுதும் பாசி வெளிச்சத்தில் பிராணவாயுவை விடுகிறது, இரவு முழுதும் அதே பாசி மீனோடு போட்டி போட்டு அதை இழுக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்குக் குளத்தில் மிச்சம் இருப்பதுதான் அன்றைய மிகக் குறைந்த அளவு. அந்த நேரத்தில் டார்ச் எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்ப் பாருங்கள். திலாப்பியாக்கள் மேல்மட்டத்தில் வரிசையாக நின்று, வாயைத் தண்ணீர் விளிம்பில் வைத்துத் திறந்து திறந்து மூடும். காலடி கேட்டாலும் உள்ளே ஓடாது. ஓடுவதற்கு மூச்சு இல்லை. ஏழு மணிக்கு எழுந்து காப்பி குடித்துவிட்டு எட்டு மணிக்குப் போகிறவன் இதைப் பார்ப்பதே இல்லை. வெளிச்சம் வந்து பாசி மறுபடி வேலையைத் தொடங்கியிருக்கும், மீன் கீழே போயிருக்கும், “எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது” என்று திரும்பிவிடுவான். பத்து நாள் அப்படித் திரும்புவான். பதினோராம் நாள் வெள்ளை வயிறுகள் மிதக்கும்.

சித்திரையில் வரும் முதல் இடிமழை இன்னும் பொல்லாதது. வெயில் காலம் முழுதும் குளத்தின் மேல்தண்ணீர் சூடாகவும் அடித்தண்ணீர் குளிர்ந்தும் தனித்தனியாகக் கிடக்கும். அடியில் பிராணவாயு அற்றுப்போய்ச் சகதி புளித்துக்கொண்டிருக்கும். சாயங்காலம் கொட்டுகிற மழை மேல்தண்ணீரைக் குளிரவைத்து, இரண்டையும் ஒன்றாய்ப் புரட்டிவிடும். அடியில் தேங்கிய கேடெல்லாம் ஒரே இரவில் மேலே வரும். மழை வந்தது, குளம் குளிர்ந்தது என்று நாம் மகிழ்ந்து தூங்குகிற இரவில் குளம் காலியாகிவிடும். ஜெலெபுவில் தித்திப் பக்கம் பழைய ஈயக் குட்டைகளில் மீன் விட்டிருப்பவர்களே, உங்கள் குட்டை ஆழமானது. ஆழம் வெயிலில் காப்பாற்றும், மழையில் காட்டிக்கொடுக்கும். முதல் இடி கேட்டதும் ஏரேட்டரை ஓடவிடுங்கள். ஏரேட்டர் இல்லையென்றால் பம்பை வைத்துத் தண்ணீரை மேலே பீய்ச்சி விழவிடுங்கள். அன்று தீனி வேண்டாம்.

“நான் கெளுத்திதானே வளர்க்கிறேன், அது மேலே வந்து காற்றையே குடிக்கும், சாகாது” என்கிறீர்கள். சாகாதுதான், சீக்கிரம் சாகாது. அந்தத் தைரியத்தில் அல்லவா ஒரு கேன்வாஸ் தொட்டியில் அடைக்கக்கூடியதைப் போல் இரண்டு மடங்கு அடைக்கிறீர்கள்? குறைந்த தண்ணீர், கறுப்புக் கேன்வாஸ், தகரக்கூரையின் அனல்: குளம் சூடேற ஒரு வாரம் ஆகும், அந்தத் தொட்டிக்கு ஒரு பகல் போதும். கெளுத்தி பொறுத்துக்கொள்ளும், புண்ணோடும், வாலழுகலோடும், தின்னாத வயிற்றோடும் பொறுத்துக்கொள்ளும். பொறுத்துக்கொள்கிற உயிரை மேலும் வதைப்பது எந்த அறத்தில் சேரும்? மேலே நிழல்வலை கட்டுங்கள். வலை கட்ட ஒரு சாயங்காலம் போதும்.

நோயும் சூட்டைத் தேடித்தான் வருகிறது. தண்ணீர் சூடேறிய மாதங்களில் இந்த நாட்டுத் திலாப்பியாக் கூண்டுகளை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மீண்டும் மீண்டும் வாரியிருக்கிறது. கண் பிதுங்கும், மீன் தலைசுற்றியதுபோல் வட்டமடிக்கும். புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்குத் தீனியோடு கொடுக்கும் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறார்கள். ஆனால் மூச்சுத்திணறும் மீனை மருந்து மட்டும் காப்பாற்றாது. மறுபுறம், ஆண்டிறுதி மழையில் மலையடிவாரக் குளங்கள் குளிரும்போது வெண்புள்ளி நோய் வரும். அதற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. வெயிலுக்குத்தான் நாட்கள் இல்லை.

இப்போது சொல்லப்போவது கசக்கும். வட்டமடிக்கும் மீனைக் கண்டதும் அவசர அவசரமாக வலைபோட்டு விடிவதற்குள் பசாருக்கு ஏற்றிவிடுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். செத்த மீனை ராத்திரியோடு ராத்திரியாகச் சாக்கடையில் கொட்டுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அந்தச் சாக்கடை ஆற்றுக்குத்தான் போகிறது. லிங்கி ஆற்றுத் தண்ணீரைக் குழாய் வழியாக நாமே குடிக்கிறோம். கீழே இருக்கும் அண்ணன் தன் குளத்துக்குப் பம்பு வைத்து இறைக்கிறார். உங்கள் குளத்து நோயை அவர் குளத்துக்கு அனுப்பிவிட்டுக் கோயிலில் அவரோடு ஒரே வரிசையில் நின்று திருநீறு வாங்குவீர்களா? செத்ததைச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். நோயுள்ளதை விற்காதீர்கள். பக்கத்துக் குளத்துக்காரரிடம் அன்றே சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் ஒரு குளத்தின் நட்டம் ஒரு தோட்டத்தின் நட்டமாகும்.

நமக்குச் சூடு தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். நம் பாட்டிமார் விடியுமுன்னே எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குப் போனது எதற்காக? வெயில் ஏறினால் மரத்தில் பால் குறையும் என்பதற்காக. கங்காணி கத்தியதால் மட்டும் அவர்கள் எழவில்லை. மரத்தின் நேரத்தை அறிந்து எழுந்தார்கள். மரத்தின் நேரத்துக்கு எழுந்த கிழவிகளின் பேரப்பிள்ளைகள் மீனின் நேரத்துக்கு எழ முடியாதா?

குஞ்சு வாங்கி வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பையை அவிழ்த்து அப்படியே தொட்டியில் கவிழ்க்காதீர்கள். பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கால்மணி நேரம் பொறுங்கள். பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் விடுங்கள். அந்தக் கால்மணி நேரத்தைக் கொடுக்க மனமில்லாமல் கொன்ற குஞ்சுகளுக்குக் கணக்கே இல்லை.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள். நன்னீர் மீன் ஆய்வுக்கென்றே மீன்வள இலாகாவின் ஆய்வுக்கழகம் நம் மாநிலத்திலேயே, ஜெலெபு கிளாமி லெமியில் இருக்கிறது. பகாவ், ரந்தாவ், சிலியாவ், எங்கிருந்தாலும் இலாகா அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்புத் தூரம்தான். கேட்கக் கூச்சப்பட்டுக் குளத்தை இழக்காதீர்கள்.

குளத்தின் ஆழத்தை ஒன்றரை மீட்டருக்குக் குறையவிடாதீர்கள். சகதியை இந்த வாரமே வாருங்கள். மீன் அதிகம் என்று தெரிந்தால், வளர்ந்தவற்றை வெயில் முற்றுமுன் பிடித்து விற்றுவிடுங்கள். தண்ணீரில் இறக்கும் ஒரு வெப்பமானி சில வெள்ளிதான், இன்றைக்கே வாங்குங்கள். நாளை விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு முறை, மதியம் மூன்று மணிக்கு ஒரு முறை, முழங்கை ஆழத்தில் பிடித்துப் பார்த்துச் சுவரில் எழுதுங்கள். மூன்று மணிக்கு 33-ஐத் தாண்டியிருந்தால் தீனி மூட்டையின் வாயைக் கட்டிவிட்டு, பக்கத்துக் குளத்துக்காரரையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.