பினியனின் மூக்கு எந்தப் பக்கம்?

ஜீப்பை நான்கு அங்குலம் தூக்கினோம் என்று சொல்கிறோம். உண்மையில் வண்டி முழுவதும் உயர்வதில்லை. சேஸி உயர்கிறது, அதில் தொங்கும் எஞ்சினும் கியர்பாக்ஸும் ட்ரான்ஸ்ஃபர் கேஸும் உயர்கின்றன. அச்சும் அதன் நடுவில் பானைபோல் உருண்டிருக்கும் டிஃபரன்ஷியலும் சக்கரங்களோடு இருந்த இடத்திலேயே நிற்கின்றன. மேலே போனதையும் கீழே நின்றதையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒற்றை இரும்புக் குழாய்தான், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். தூக்கியதன் பாடெல்லாம் அதன் தலையில் விழுகிறது.

நீள வண்டியில் இது பெரிய சங்கதியல்ல. குட்டை வண்டியில் அப்படியில்லை. அமெரிக்காவின் டொலீடோ நகரில் தயாராகி 1997 முதல் 2006 வரை வந்த ஜீப் ராங்ளர் டி.ஜே.யை எடுத்துக்கொள்வோம். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 93.4 அங்குலம், சுமார் 2,372 மி.மீ. நம் மலைப்பாதைகளில் பார்த்துப் பழகிய மாருதி ஜிப்ஸிக்கும் ஏறத்தாழ அதே அளவு, 2,375 மி.மீ. டி.ஜே.யில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ட்ரான்ஸ்ஃபர் கேஸும் தமக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொண்டபின் பின்பக்க ஷாஃப்டுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு முழம். கணக்குக்கு அதை 500 மி.மீ. என்று வைப்போம். இரு முனைகளுக்கும் உயர வித்தியாசம் 100 மி.மீ. என்றால் ஷாஃப்ட் 11.5 டிகிரி சாய்ந்திருக்கும். இன்னும் 100 மி.மீ. தூக்கினால் சாய்வு 23.5 டிகிரியைத் தாண்டிவிடும். 1,200 மி.மீ. ஷாஃப்ட் உள்ள நீள வண்டியில் இதே வேலை 10 டிகிரிக்குள் முடிந்துவிடும்.

சாய்ந்தால் என்ன? விடை ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள கிராஸ் என்ற மூட்டுக்குள் இருக்கிறது. இரண்டு கவைகளைக் கூட்டல் குறி போன்ற ஒரு துண்டால் கோத்த இந்த அமைப்புக்கு 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயர் வழங்குகிறது; அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் இதை ஆராய்ந்தார். அதை மோட்டார் வண்டிக்கு ஏற்றதாக்கி 1903-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஸ்பைசர். அவர் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் டேனா ஆயிற்று, டி.ஜே.யின் அச்சுகளை டேனா 30, 35, 44 என்று அழைப்பது அந்த வழியில் வந்த பெயர்.

கிராஸுக்குப் பிறவிக்குணம் ஒன்று உண்டு. மடங்கிய நிலையில் சுற்றும்போது, உள்ளே வருகிற வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகிற வேகம் சீராக இராது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பின்தங்கும். 10 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம். 20 டிகிரியில் ஆறு சதவீதம். கோணம் இரட்டித்தால் தொல்லை நான்கு மடங்காகிறது. 31 அங்குல டயரும் 4.10 கிரவுன் பினியன் விகிதமும் உள்ள டி.ஜே. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும்போது ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 2,750 சுற்று சுற்றுகிறது. விநாடிக்குத் தொண்ணூறு தடவை இந்த இழுபறி நடக்கிறது. சக்கரத்தில் பேலன்ஸ் குறை இருந்தால் அதே வேகத்தில் விநாடிக்குப் பதினொரு தடவைதான் ஆட்டும், அதுவும் ஸ்டியரிங்கில் தெரியும். ஷாஃப்டின் குறை காலடித் தகட்டில் ரீங்காரமாக ஏறும். இந்த வித்தியாசம் பிடிபடாமல் மறுபடி மறுபடி வீல் பேலன்ஸிங்குக்குப் போய்க் காசைக் கரைப்பவர்கள் பலர்.

ஒரு கிராஸ் கெடுத்ததை இன்னொரு கிராஸ் சரிசெய்யும். ஷாஃப்டின் இரு முனைகளிலும் கோணம் சமமாக இருந்தால், முதல் கிராஸ் முந்தும் நேரத்தில் இரண்டாவது அதே அளவு பின்வாங்கும். ஷாஃப்டின் சுழற்சியை டிஃபரன்ஷியலுக்குள் வாங்கும் பினியனுக்குச் சீரான சுழற்சி போய்ச் சேரும். அதற்கு ட்ரான்ஸ்ஃபர் கேஸின் வெளிச்ஷாஃப்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். குழாயின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஷாஃப்டைக் கழற்றுமுன் பெயின்டால் ஒரு கோடு போடச் சொல்வது இதற்காகத்தான். ஸ்ப்ளைனில் சில பல் தள்ளி மாட்டிவிட்டால் இரண்டு கிராஸும் கைகோத்துக்கொண்டு உதறும்.

பெரும்பாலோர் தவறுவது அடுத்த இடத்தில். ஷாஃப்ட் செங்குத்தாக இறங்குவதைப் பார்த்ததும், பினியனின் மூக்கை மேலே திருப்பிவிட்டால் கோணம் குறையுமே என்று தோன்றும். கண்ணுக்கு அது சரியாகத்தான் படும். ஆனால் சாதாரண இரட்டைக் கிராஸ் ஷாஃப்டில் இரு முனையிலும் 11.5 டிகிரி இருந்த நிலையில், பினியனை 8 டிகிரி தூக்கினால் கீழ்முனைக் கோணம் 3.5 ஆகும், மேல்முனை ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஈடுகட்ட வேண்டிய கிராஸுக்கு இப்போது ஈடுகட்டும் அளவு கோணம் இல்லை. மேலே பிறந்த இரண்டு சதவீத ஏற்ற இறக்கத்தில் 1.8 சதவீதம் அப்படியே பினியனில் போய் இறங்குகிறது. நேராக்கப் போய் உதறலை வாங்கிவந்த கதை.

அப்படியானால் சமக் கோணம் போதுமா? சிறு தூக்கலுக்குப் போதும். பெரிய கோணத்தில் பினியன் சீராகச் சுற்றினாலும் நடுவிலுள்ள குழாய் மட்டும் வேகம் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். அந்தக் கனமே அதிர்வாகும். கிராஸின் ஊசி பேரிங்கும் சீக்கிரம் தேயும்.

ட்ரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் அடித்தகட்டுக்கும் சேஸிக்கும் இடையில் ஓர் அங்குலத் துண்டுகளை வைத்து அதைக் கீழே இறக்குவது மலிவான வழி. கோணம் குறையும், தூக்கிப் பெற்ற தரை இடைவெளியில் ஓர் அங்குலம் வண்டியின் நட்டநடு வயிற்றிலேயே போய்விடும். பாறையில் முதலில் தட்டும் இடம் அதுதான். எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை.

சரியான வைத்தியம் நீளத்தைக் கூட்டுவது. டி.ஜே.யின் என்.பி.231 ட்ரான்ஸ்ஃபர் கேஸில் ஷாஃப்டின் முனை உள்ளே வழுக்கி நுழைந்திருக்கும். அதன் வாலை வெட்டிக் குட்டையாக்கி, போல்ட்டால் பூட்டும் கவையைப் பொருத்தினால் ஷாஃப்டுக்குச் சில அங்குலம் கூடுதலாகக் கிடைக்கும். ஒரு முழத்தில் சில அங்குலம் பெரிய வரவு. இன்னொரு நன்மையும் உண்டு: பழைய அமைப்பில் காட்டுக்குள் ஷாஃப்ட் உடைந்து அதை உருவினால் எண்ணெய் கொட்டிவிடும், புதிய அமைப்பில் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு முன்சக்கர இழுவையில் வீடு வரலாம்.

இந்தக் கூடுதல் நீளத்துக்கு மாட்டும் புதிய ஷாஃப்டின் மேல்முனையில் அடுத்தடுத்து இரண்டு கிராஸ்கள் இருக்கும். அவை ஒன்றையொன்று அங்கேயே சரிக்கட்டிக்கொள்வதால் கீழ்முனைக் கிராஸுக்கு ஈடுகட்டும் வேலை இல்லை. அதன் கோணம் ஏறக்குறைய பூஜ்யமாக வேண்டும். ஆக, சற்றுமுன் தவறாக இருந்த அதே காரியம் இப்போது கட்டாயம்: பினியன் ஷாஃப்டை நேரே பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கையில் மூக்கு தானாகவே மேலே எழும் என்பதால் ஒன்றிரண்டு டிகிரி தாழ்த்தி வைப்பார்கள். டி.ஜே.யில் இதை நீளம் மாற்றத்தக்க மேல்கைகளால் செய்யலாம். பட்டை ஸ்பிரிங் வண்டியென்றால் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைக்க வேண்டும். எதைச் செய்தாலும் சமதரையில், வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போது அளக்க வேண்டும். ஜாக்கியில் சேஸியைத் தூக்கி எடுத்த அளவு எதற்கும் ஆகாது.

முன் அச்சு தனிச் சிக்கல். அங்கே பினியனும் சக்கரம் திரும்பும் முனைகளும் ஒரே உடம்பு. மூக்கைத் தூக்கினால் காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறையும். ஸ்டியரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பும் குணம் போய், நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயும். டி.ஜே.யில் முன்சக்கரத்தை அச்சிலிருந்து விடுவிக்கும் ஹப் இல்லாததால், இருசக்கர இழுவையிலும் முன்ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். ரீங்காரம் எங்கிருந்து வருகிறது என்று ஐயமிருந்தால் முன்ஷாஃப்டைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். குற்றவாளி அதுதான் என்று தெரிந்தாலும் நான் காஸ்டரைத்தான் முதலில் காப்பாற்றுவேன். லேசான முனகலோடு வாழலாம், கைக்கு அடங்காத ஸ்டியரிங்கோடு முடியாது.

பினியனைத் தூக்கியவர்கள் மறப்பது எண்ணெய். மூக்கு உயர்ந்ததும் எண்ணெய் பின்னால் வழிந்து தேங்கும்; முன்கோடி பினியன் பேரிங் வறண்டுபோகும். பழைய நிலையில் நிரப்பும் துளை வரை ஊற்றினால் நிறைந்தது என்று கணக்கு. இப்போது அந்தத் துளையும் அச்சோடு திரும்பியிருப்பதால் அதை நம்பக்கூடாது. ஒரு பக்கத்தைச் சற்றே உயர்த்தி வைத்துக் கூடுதலாக ஊற்றி, பேரிங் நனையும் மட்டம் வரை கொண்டுவர வேண்டும்.