தொலைவிலுள்ள வைத்தியரும் அருகிலுள்ள ஆப்தரும்

பெரியகுளத்திலிருந்து வத்தலக்குண்டு செல்லும் சாலையில், கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில், மஞ்சளாற்றின் நீரால் வாழும் தேனி மாவட்டத்து ஊர் தேவதானப்பட்டி. அவ்வூரை அடுத்து ஆற்றங்கரையில் கோயில் கொண்டிருக்கும் மூங்கிலணைக் காமாட்சியம்மனை வழிபடச் செல்வோர் அம்பாளின் திருவுருவத்தைக் காண்பதில்லை. கருவறைக் கதவு திறக்கப்படுவதே இல்லை; அடைத்த கதவுக்குத்தான் பூஜை, அடைத்த கதவுக்குத்தான் தீபாராதனை; தேங்காய் உடைபடாமலும் பழம் உரிபடாமலும் நைவேத்தியமாகின்றன. மகாசிவராத்திரியில் திரள்திரளாக வந்து அந்தக் கதவின்முன் கைகூப்பி நிற்கும் மக்களுள் ஒருவராவது, கண்ணால் காணாத காரணத்தால் தம் குறை அங்கே கேட்கப்படவில்லை என்று எண்ணித் திரும்புவதாக நான் அறியேன்.

தெய்வத்தின் விஷயத்தில் இவ்வளவு எளிதில் இசைகின்ற மனம், வைத்தியரின் விஷயத்தில் தயங்குகிறது. திரையில் தோன்றிப் பேசும் டாக்டரைக் கண்டு, "தொட்டுப் பார்க்காமல் என்ன வைத்தியம்?" என்று கேட்கும் முதியவர்களை இந்த வட்டாரத்தில் எங்கும் காணலாம். அந்தத் தயக்கம் முற்றிலும் நியாயமானது என்பது என் அபிப்பிராயம். அம்பாள் கதவுக்கு உள்ளிருந்தே அனைத்தையும் அறிவாள் என்பது பக்தரின் நம்பிக்கை. வைத்தியரோ கதவுக்கு அப்பாலிருப்பதை ஒருவர் எடுத்துச் சொன்னாலன்றி அறியமாட்டார். ஆகவே தொலைமருத்துவத்தின் உயிரான கேள்வி யந்திரத்தைப் பற்றியது அன்று. எடுத்துச் சொல்லும் அந்த ஒருவர் யார், அவர் சொல்லை எதனால் நம்பலாம் என்பதே.

இக்கேள்விக்கு விடை தேடுவோர் தேனியைவிட்டு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, இளவயதிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களையே பழக்கி ஆயிரமாயிரம் கண்களுக்கு அறுவை செய்தவர். ஸ்ரீ அரவிந்தரின் நெறியில் நின்று தம் தொழிலையே சாதனையாகக் கொண்டவர். 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் அம்மருத்துவமனையின் தேனிக் கிளையும், கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி ஆராய்ச்சியாளர்களும் கூடி, ஆண்டிபட்டி முதலிய ஊர்களில் அமைந்த பார்வை மையங்களைக் கம்பியில்லா அலைகளால் தேனியோடு இணைத்தார்கள். உயர்ந்த கோபுரங்களை நாட்டி, சுமார் 15 கிலோமீட்டர் வரை ஒரே பாய்ச்சலில் உருவத்தையும் குரலையும் அனுப்பினார்கள். மின்வெட்டும் இடியும் மின்னலும் அவர்களை அலைக்கழித்த கதை தனிக் கதை.

அத்தகைய ஒரு மையத்தில் நிகழ்வதைச் சற்று நின்று பார்ப்போம். தோப்பு வேலைக்குப் போகும் ஒரு மூதாட்டி வந்து அமர்கிறார். "தாடையை இதுல வைங்க பாட்டி, நெத்தியை முட்டுங்க" என்று சொல்லி, அவர் தலையைப் பிடித்து நேர்செய்து, ஒளிக்கீற்றைக் கண்ணுக்குள் செலுத்திப் பார்க்கிறாள் சிஸ்டர். கண்ணின் அழுத்தத்தை அளக்கிறாள். படம் பிடித்து அனுப்புகிறாள். தேனியிலிருக்கும் டாக்டர் திரையில் தோன்றி, "எந்தக் கண்ணும்மா மங்கலா இருக்கு?" என்று வினவும்போது, மூதாட்டி திரையை நோக்கி விடை சொல்வதில்லை, சிஸ்டரின் பக்கம் திரும்பி, "வலது கண்ணுதான் தாயி, மசமசன்னு தெரியுது" என்கிறார். ஸ்பரிசம் எங்கும் போய்விடவில்லை. இமையைத் தூக்கிய விரல் அங்கேயே இருக்கிறது. முன்பு ஒரே மனிதரிடம் கூடியிருந்த கையும் கல்வியும் இப்போது இரண்டு பேரிடம் பிரிந்து நிற்கின்றன. பிரிந்தவற்றைச் சேர்த்துவைப்பது ஒரு சொல். கை தவறினாலும் கல்வி தவறினாலும் நேரும் கேடு அந்தச் சொல் தவறினாலும் நேரும்.

நம் தத்துவ நூலோர் இந்த இடத்தை வெகுகாலத்துக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். அறிவு பிறக்கும் வழிகளைப் பிரத்தியட்சம், அநுமானம் என்று வகுத்ததோடு, நம்பத்தக்கவர் வாக்கையும் ஒரு பிரமாணமாக ஏற்றது கௌதமரின் நியாய சூத்திரம். சைவ சித்தாந்தமும் காண்டல், கருதல், உரை என்று அளவைகளைக் கொண்டது. நியாய நூலார் வேதத்தின் பிரமாணத்தை நிலைநாட்டப் புகுந்தபோது எடுத்துக்காட்டாகக் கொண்டவற்றுள் ஒன்று ஆயுர்வேதம் என்பது சிந்திக்கத்தக்கது. அவ்விடத்தில் உரை எழுதிய வாத்ஸ்யாயனர், நம்பத்தக்கவராகிய ஆப்தருக்கு மூன்று லட்சணங்களைக் காண்கிறார்: பொருளை நேரே அறிந்திருத்தல், உயிர்களிடத்துத் தயை, உள்ளதை உள்ளபடி சொல்லும் விருப்பம். மற்றோரிடத்தில், ரிஷியானாலும் ஆரியனானாலும் மிலேச்சனானாலும் இந்த லட்சணம் ஒன்றேதான் என்றும் கூறிவிடுகிறார். குலமும் பட்டமும் ஆப்தரை ஆக்குவதில்லை என்னும் இந்தத் துணிவை நினைக்குந்தோறும் என் மனம் நெகிழ்கிறது. ஏனெனில், பிளஸ் டூ முடித்துக் கிராமத்திலிருந்து வந்து, அரவிந்தில் இரண்டாண்டுகள் பயின்று, பார்வை மையத்தில் அமரும் அந்தப் பெண்ணுக்கு அது இடம் வைத்திருக்கிறது.

அப்படியானால், சுகாதாரப் பணியாளருக்கு அளிக்கும் பயிற்சி என்பது ஆப்தரை உருவாக்கும் காரியமே. நேரே அறிதல் என்பது கருவியின் பொத்தான்களை அறிவதோடு முடிவதில்லை. நோயில்லாத கண்களை நூற்றுக்கணக்கில் பார்த்துப் பழகியவளுக்கே நோயுள்ள கண் தனித்துத் தெரியும். புரை எது, வெறும் கண்ணாடிக் குறை எது என்பது அப்போதுதான் பிடிபடும்.

தயையை நாம் பெரும்பாலும் அலங்காரமாக நினைக்கிறோம். பயிற்சி வகுப்பில் 'நோயாளியிடம் இனிமையாகப் பேசுக' என்ற ஒரு வரியோடு அதை முடித்துவிடுகிறோம். இது பெரும் பிழை. சர்க்கரை மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமாயிற்று என்பதை, யாரோ கொடுத்த சொட்டு மருந்தைத் தாமே வாங்கி ஊற்றிக்கொண்டதை, மருமகளுக்குத் தெரிந்தால் திட்டுவாள் என்று பார்வை மங்கியதையே மறைத்துவந்ததை, அந்த மூதாட்டி திரையிலிருக்கும் முகத்திடம் ஒருநாளும் சொல்லமாட்டார். தம் கையைப் பற்றி அழைத்துச் சென்றவளிடம், போகிற போக்கில் சொல்வார். அன்பில்லாத இடத்தில் உண்மை வெளிப்படுவதில்லை. வாத்ஸ்யாயனர் தயையை ஞானத்துக்கும் வாய்மைக்கும் நடுவில் வைத்ததன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது லட்சணமே கடினமானது. வெளியே வரிசை நீண்டிருக்கையில், மறுபுறத்தில் டாக்டர் அவசரப்படுகையில், படம் தெளிவாக விழாதபோதும் "சரியாக இருக்கிறது டாக்டர்" என்று சொல்லிவிடத் தூண்டும் ஆசை எளிய ஆசை அன்று. டாக்டர் எதிர்பார்க்கும் விடையை முகக்குறிப்பால் உணர்ந்து அதையே தருவது பணிவாகவும் தோன்றக்கூடும். "எனக்குத் தெரியவில்லை", "மறுபடி பார்க்கிறேன்" என்னும் இரு வாக்கியங்களை அச்சமின்றிச் சொல்லப் பழக்காத பயிற்சியை நான் பயிற்சியென்றே கொள்ளமாட்டேன்.

2020 மார்ச்சில் இந்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகள், நோயாளியின் பக்கத்திலிருந்து வைத்தியரோடு பேசும் சுகாதாரப் பணியாளரையும் பெயர் சுட்டி ஏற்றன. வைத்தியர்களுக்குக் கட்டாயப் பயிற்சி வேண்டுமென்றும் கூறின. மறுஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபின் வீட்டு வாசல்வரை சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். இவர்கள் தரும் செய்தியை நம்பியே சிகிச்சைகள் நிர்ணயமாகும் காலத்தில், இவர்களைச் சம்பளத்திலும் மரியாதையிலும் கடைசிப் படியில் நிறுத்திவிட்டு இவர்கள் சொல்லுக்கு மட்டும் முதன்மை கேட்பது அதர்மம்.

வைத்தியருக்கு வேண்டிய பயிற்சியும் ஒன்று உண்டு. அது கேட்கும் சிரத்தை. "பெயர் சொல்லத் தெரியவில்லை டாக்டர், ஆனால் இந்தக் கண்ணைப் பார்த்தால் எனக்குச் சரியாகப் படவில்லை" என்று மையத்திலிருந்து ஒரு பெண் சொல்லும்போது, அவள் படிப்பை அளக்காமல், "அடுத்த பஸ்ஸிலேயே தேனிக்கு அனுப்பு, நானே பார்க்கிறேன்" என்று சொல்லத் தெரிந்தவரிடம்தான் அப்பெண் மறுமுறையும் உண்மை பேசுவாள்.