வெள்ளைக் கட்டடம்

யாழ்ப்பாணத்தில் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊர்க் கட்டடங்களைக் கற்பிப்பது சுலபம்போல் தோன்றும். தபாற்கந்தோர் கடிதத்துக்கு, ஆஸ்பத்திரி நோய்க்கு, நூலகம் வாசிப்புக்கு. மூன்றாவதில் நான் இடறுகிறேன்.

பொது நூலகம் 1959இல் திறக்கப்பட்டது. 1981 மே 31 நள்ளிரவையொட்டி எரிக்கப்பட்டது. ஏட்டுச்சுவடிகள் உட்பட ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. எரிந்த கூட்டை அப்படியே நினைவாக விட்டுவிட வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். இன்று நிற்பது பழைய உருவில் மீளக் கட்டிய வெள்ளைக் கட்டடம். அந்த வெண்மை ஐந்து வயதுப் பிள்ளையிடம் எதையும் சொல்லாது.

நான் சொல்லவேண்டுமா? பயனை மட்டும் சொன்னால் அது பாதிப் பொய். எரிப்பைச் சொன்னால், "ஆர் எரிச்சது?" என்ற கேள்வி வரும். பதிலோடு, பிள்ளை தானாகத் தேடிக்கொள்ளாத ஒரு பகையையும் கொடுத்தவனாவேன்.

வாசிப்பை அறியாதவனுக்கு எரிந்த புத்தகம் வெறும் காகிதம். பற்று வைத்தவனுக்கே இழப்பு உண்டு. ஆகவே முதலில் உள்ளே கூட்டிப்போகிறேன். ஒரு புத்தகத்தைக் கையில் கொடுக்கிறேன். பிறகு கேட்டால் மறைப்பதில்லை.

இது கற்பிக்கும் முறையா, என் கோழைத்தனத்துக்கு நான் கண்ட நியாயமா என்பதில் எனக்குத் தெளிவில்லை. கேட்காத பிள்ளைகளும் வளர்ந்துவிடுகிறார்கள்.